பன்னிரண்டாவது வரியில் இரண்டு கிளிக்

2016 ஜூன் 8, புதன்கிழமை. காலை 5.05க்கு எழுந்தேன். எங்கள் ஊர்க் கோட்டை அடிவாரம் வரை நடந்து திரும்ப நாற்பத்தைந்து நிமிடம். 6.40க்கு இட்லி நான்கு. 7.20க்கு எங்கள் நிலையத்தின் கணினி அறையைத் திறந்தேன். முந்தின நாள் பதிவுகளின் நகல் முழுதாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, நகல் வட்டின் மேல் தேதி எழுதி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நான்கு டெர்மினல்களையும் ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியலைத் திறந்து மூடினேன். மூன்றாவதில் என்டர் விசை லேசாக ஒட்டியது. துடைத்தேன். 7.45க்கு அறை தயார்.

இவ்வளவும் அன்றைய டயரிப் பக்கத்தின் மேல்பாதியில் இருக்கிறது. கீழ்ப்பாதி போதாமல் இரண்டு தனித்தாள்களை மடித்து ஒட்டியிருக்கிறேன். முப்பத்தொரு வருட வேலையில் இப்படித் தாள் ஒட்டிய பக்கங்கள் மிகக் குறைவு.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வுபெற்று வந்த பிறகும் நிலையத்தில் நான் எழுதிய கணினி நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதைக் கைப்பேசிக்கு மாற்றுகிறார்கள். மாற்றும் பொறுப்பில் உள்ள இளைஞர்கள் இரண்டு கேள்வி கேட்டார்கள். எண்ணெய்க்கு அனுப்பும்போது மட்டும் ஏன் லாட் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைத் தட்டச் சொல்கிறீர்கள், ஆம், இல்லை என்று இரண்டு பட்டன் போதாதா என்பது ஒன்று. அந்தக் கேள்வி திரையில் வந்ததும் நிரல் அரை விநாடி செவிடு மாதிரி நிற்கிறதே, அது பிழையா என்பது இன்னொன்று. பிழை இல்லை, எடுத்துவிடாதீர்கள் என்று சொன்னேன். ஏன் என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நிலையம் என்பது மணிலா விதைச் சுத்திகரிப்பு நிலையம். மணிலா என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கம் பேச்சில் மல்லாட்டை. சுற்று ஊர்களில் விதைக்கென்றே பயிர் செய்பவர்கள் அறுவடை முடிந்ததும் காயாகவே மூட்டை கட்டிக் கொண்டுவருவார்கள். ஒருவருடைய ஒரு போகத்து மூட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரு லாட். அதற்கு ஓர் எண். ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுத்து முளைக்கவைத்துப் பார்ப்பார்கள். நன்றாக முளைத்தால் விதை. சந்தேகம் என்றால் மறுசோதனை. முளைக்காவிட்டால் எண்ணெய் ஆலைக்கு. ஆய்வுக்கூடத்தின் சீட்டைப் பார்த்து இந்த மூன்றில் ஒன்றைக் கணினியில் பதிவதுதான் ஆப்பரேட்டர்களின் வேலை. பதிவைப் பார்த்துக் கிடங்கில் மூட்டையைப் பிரித்து அடுக்குவார்கள். எண்ணெய் லாரி செவ்வாயும் வியாழனும் போகும். விதை என்று தவறாகப் பதிந்தால் திருத்தலாம். எண்ணெய் என்று பதிந்து லாரி போய்விட்டால், போனதுதான்.

நான் திண்டிவனத்தில் கணிதம் படித்துவிட்டு, விழுப்புரத்தில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போய், 1992இல் சேர்ந்தவன். முதல் மூன்று வருடம் மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். நான்காவது வருடம் நானே எழுத ஆரம்பித்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எல்லாம் ஆங்கிலத்தில். இங்கே வசதிக்காக விதை, எண்ணெய் என்று தமிழில் சொல்கிறேன். படம் கிடையாது. எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் அடுத்த பட்டியல் வரும்.

அந்தக் காலத்து இயந்திரம் மெதுவானது. எங்கள் ஆப்பரேட்டர்களின் கை அதைவிட வேகம். திரை மாறும்வரை காத்திருக்க மாட்டார்கள். அடுத்த திரையில் எதைத் தட்ட வேண்டும் என்று கைக்குத் தெரியும், முன்கூட்டியே தட்டிவிடுவார்கள். தட்டிய விசைகளை இயந்திரம் வரிசையில் வைத்திருந்து, திரை வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் இது நல்லதுதான். ஒருமுறை மட்டும், ஒரு நாள் எடைப்பதிவு முழுவதையும் அழிக்கலாமா என்று நிரல் கேட்ட கேள்விக்கு, அதற்கு முன்பே வரிசையில் நின்றிருந்த ஓர் என்டர் பதிலாகப் போய்விட்டது. அன்றைய மூட்டைகளைத் திரும்ப நிறுத்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். திரும்பப்பெற முடியாத கேள்வியைக் கேட்பதற்கு முன், வரிசையில் நிற்கும் விசைகளை எல்லாம் கொட்டிவிட வேண்டும். கேட்ட பிறகு வருவதுதான் பதில். இருபது வருடம் அந்த விதி ஒருமுறையும் தவறவில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஜூன் 8 அன்று நான் பேசினேன்.

9.20க்கு எடைமேடைப் பக்கம் சத்தம் கேட்டது. அவலூர்பேட்டைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து கோவிந்தன் என்ற விவசாயி வந்திருந்தார். தன் லாட் விதைக்குத் தேறியதற்கான தாளை வாங்க வந்தவரிடம், அது நேற்றைய லாரியில் எண்ணெய் ஆலைக்குப் போய்விட்டதாகக் கிடங்கில் சொல்லிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். உங்களுடையது நன்றாக முளைத்தது, விதை என்றுதான் சீட்டு எழுதினோம் என்றிருக்கிறார்கள். அப்படியானால் கணினியில் பதிந்தது யார்?

பதிந்தது பிரேமா. எங்கள் ஆப்பரேட்டர்களில் வேகமான கை அவளுடையதுதான். எட்டு வருடம் வேலை பார்த்தவள். கோவிந்தன் அவளுடைய சித்தப்பா.

"எங்க அண்ணன் பொண்ணுதான்யா இவ!" என்று மூட்டை தூக்குபவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் கத்தினார். "கெணத்துத் தண்ணி தகராறுல என்னிய ஒண்ணும் பண்ண முடியல. இங்க குந்திக்கினு என் மல்லாட்டய செக்குக்கு அனுப்பிட்டா. ஒரு போகம்யா! எம் பொண்டாட்டி ஒவ்வொரு காயா பொறுக்கிக் கட்டுனது!"

"சித்தப்பா, நான் ஏன் அப்பிடிப் பண்ணப்போறேன்? வெதைன்னுதான் போட்டேன்."

"வெதைன்னு போட்டா எண்ணெய் ஆலைக்கு அதுவா நடந்து போச்சா?"

மூட்டை தூக்குபவர்களின் தலைவர் ஏழுமலை. எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவர். "நடந்து போவல, லாரில போச்சு. நான்தான் ஏத்துனேன். நல்ல கனமான காயி, செக்குக்குப் போவுதேன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். பிரேமா சிரிக்கவில்லை.

மேலாளர் தயாளன் வெளியே வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லோரையும் நீங்கள் என்றுதான் அழைப்பார். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எந்தத் தாளையும் நின்றுகொண்டுதான் படிப்பார், ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்தி. என்ன சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "அது எப்படித் தெரியும்?" கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பார்.

என்னைப் பதிவேட்டை அச்செடுக்கச் சொன்னார். யார், எப்போது, எதைப் பதிந்தார்கள் என்பதை நிரல் தானாகவே குறித்துவைக்கும். ஜூன் 4, சனிக்கிழமை, காலை 10.52. டெர்மினல் மூன்று. பிரேமா. எண்ணெய். உறுதியா என்ற கேள்விக்கு ஆம்.

"கை தவறி எண்ணெய்னு விழ வாய்ப்பு இருக்கா, ஜினதாஸ்?" என்று எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டார்.

"இல்லை சார். எண்ணெய் என்றால் நிரல் இரண்டாவது தடவை கேட்கும். அதற்கு முன்னாடி தட்டினதை எல்லாம் கொட்டிவிட்டுத்தான் கேட்கும். வேணும்னு ஆம் சொன்னால்தான் போகும்."

என் வாயால் சொன்னது இது. பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். வேணும்னு என்ற சொல்லை நான் வேறு பொருளில் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்களுக்கு அது ஒரே பொருளில்தான் போய்ச் சேர்ந்தது. கோவிந்தன் என்னைக் கைகாட்டி, "கேட்டீங்களா? மெஷினு எழுதுனவரே சொல்லிட்டாரு" என்றார்.

தயாளன் பிரேமாவிடம், "அன்னிக்கு நீங்க லேட்டா வந்தீங்களா?" என்று கேட்டார்.

"அமாவாசை சார். பஸ்ஸெல்லாம் மலையனூர்க் கோயிலுக்குத் திருப்பிவிட்டுட்டாங்க. பத்தே காலுக்குத்தான் வந்தேன். ஆனா அவசரத்துல தப்பாப் போட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். நான் போடல."

மறுநாள் காலை பத்து மணிக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அதுவரை டெர்மினலைத் தொடக்கூடாது என்று அவர் குறிப்பு எழுதினார். விளக்கம் திருப்தி இல்லை என்றால் வேலை போகும் என்பதை எழுதவில்லை. அதை எழுத வேண்டிய தேவை இல்லை.

நான் அறைக்குத் திரும்பி என் வேலையைப் பார்த்தேன். 11.30க்கு ஒரு சந்தேகம் வந்து, நிரலின் சோதனைப் பிரதியை என் மேசையில் ஓடவிட்டேன். சோதனை லாட்டுகள் நாற்பது. விசைப்பலகையால் நாற்பதையும் விதை என்று பதிந்தேன். நாற்பதும் விதை. மறுபடி முதலிலிருந்து, மவுஸால். நாற்பதும் விதை. டயரியில் "நிரல் சரி" என்று எழுதினேன். அந்த இரண்டு சொல்லை இப்போதும் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

மவுஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அந்த மே மாதம்தான் வந்தது. அதுவரை எங்கள் டெர்மினல்களில் விசை மட்டும்தான். லாட்டுகள் அதிகமாகிப் பட்டியல் நீண்டுவிட்டது, அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டிக் கீழே இறங்க வேண்டியிருக்கிறது என்று ஆப்பரேட்டர்கள் சொன்னார்கள். எழுத்துத் திரையிலும் மவுஸை வேலை செய்யவைக்கலாம். எந்த வரியில், எந்த எழுத்தின் மேல் அழுத்தினார்கள் என்று நிரலுக்குச் செய்தி வரும். நானே எழுதிச் சேர்த்தேன். முதலில், ஒரு கிளிக் வந்ததும் இன்னொன்று வருகிறதா என்று நிரல் ஒரு கணம் காத்திருக்கும். வந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே இரட்டைக் கிளிக்காக எண்ணும். "ஒட்டுது சார், அழுத்தினா ஒடனே தெறக்க மாட்டேங்குது" என்று புகார் வந்தது. அந்தக் காத்திருப்பைப் பூஜ்யமாக்கினேன். உடனே திறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்.

2.15க்குப் பிரேமா அறைக்கு வந்தாள். விளக்கம் எழுத வெள்ளைத்தாள் கேட்டு. கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"என்ன எழுதுறது சார்? பண்ணலன்னா நீங்க சொன்னது பொய்யாவும். பண்ணேன்னா நான் சொன்னது பொய்யாவும்."

"நான் நிரலைச் சோதித்துப் பார்த்தேன் பிரேமா. எண்பது தடவை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை."

"எப்பிடிப் பாத்தீங்க?"

செய்து காட்டினேன். விசையால் ஒரு லாட். மவுஸால் ஒரு லாட். அவள் என் கையைப் பார்த்தாள், திரையை அல்ல. பிறகு அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

"இன்னா சார் இது, ஆட்டுக்கு முடி வெட்டுற மாதிரி இவ்ளோ நிதானமா? நாங்க இப்பிடியா பண்றோம்? ஒரு லாட்டுக்கு இம்மா நேரம் ஆனா நைட்டு பத்து மணிக்குத்தான் நான் பஸ் ஏறணும்."

"நீ எப்படிப் பண்ணுவாய்?"

"டெர்மினலத் தொடக்கூடாதுன்னுட்டாரு."

"இது டெர்மினல் இல்லை. என் மேசை."

உட்கார்ந்தாள். வலது கையில் மவுஸ். இடது கை எண் விசைகளின் மேல். எட்டு வருடமாக அவளுக்கு விசைப்பலகைப் பழக்கம், ஒரு மாதமாக மவுஸ். பட்டியலில் லாட்டைத் தேடிப் பிடிக்க மவுஸ் சுலபம், முடிவைப் பதிய விசை சுலபம் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். எங்களிடம் இருந்த மற்ற இருவரில் மூத்தவர் மவுஸைத் தொடவே மாட்டார். இளையவள் விசையைத் தொட மாட்டாள். இரண்டு கையாலும் செய்தவள் இவள் ஒருத்திதான். வீட்டில் தம்பியின் கணினியில் பழகியதால், எதைத் திறப்பதானாலும் இரண்டு கிளிக் கொடுத்தாள். டக் டக், ஒன்று, என்டர். டக் டக், ஒன்று, என்டர். நான் ஒரு லாட் செய்யும் நேரத்தில் நான்கு.

பதினைந்து லாட் ஆயிற்று. "பாத்தீங்களா, எல்லாம் வெதைதான்" என்று நிறுத்தப் போனாள். பதிவேட்டைத் திறந்தேன். பதின்மூன்று விதை. ஒன்று மறுசோதனை. ஒன்று எண்ணெய். உறுதியா என்ற கேள்விக்கு ஆம்.

பிரேமா நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, பதிவேட்டைக் குனிந்து பார்த்தாள்.

"எண்ணெய்க்குப் போனது எது சார்?"

அது பட்டியலில் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்தேன். திரையில் பன்னிரண்டாவது வரி. முடிவுத் திரையை வரைந்தவன் நான். விதை எட்டாவது வரியில், மறுசோதனை பத்தாவது வரியில், எண்ணெய் பன்னிரண்டாவது வரியில். பன்னிரண்டாவது வரியில் இருக்கும் லாட்டின் மேல் அவள் இரண்டு கிளிக் செய்தால், முதல் கிளிக்கில் லாட் திறந்து முடிவுத் திரை வந்துவிடும். கை அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது கிளிக் எண்ணெயின் மேல் விழும். காத்திருக்கும் நேரத்தை நான் பூஜ்யமாக்கியதால் இரண்டும் தனித்தனிக் கிளிக்குகள். உடனே நிரல் கேள்வி கேட்கும்: உறுதியா? ஒன்று, ஆம். இரண்டு, இல்லை. அந்தக் கேள்விக்கு முன் வந்த விசைகளை எல்லாம் நிரல் ஒழுங்காகக் கொட்டிவிடும். ஆனால் அவள் விசை முன்னால் வரவில்லை. கண் திரையைப் படிக்கும் முன், கேள்வி வந்த அடுத்த கணத்தில் வந்தது. விதைக்கு என்று அவள் தட்டிய ஒன்று, ஆம் என்று போய் உட்கார்ந்தது. பதிவானது என்ற செய்தி இரண்டுக்கும் ஒன்றுதான். திரையைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. இரண்டு வாரமாகத் தேவையில்லாத மறுசோதனைகள் வருகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் முனகிக்கொண்டிருந்தார்கள். அவை பத்தாவது வரி. எட்டாவது வரியில் விழுந்தவற்றை யாரும் கவனிக்கவில்லை, எப்படியும் அது சரியான பதில். மவுஸ் மட்டும் பிடிக்கும் இளையவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமா சார், சில நேரம் எண்ணெயான்னு கேக்கும். நான்தான் தப்பா அழுத்திட்டேன்னு நெனச்சு இல்லைன்னு குடுத்துடுவேன்" என்றாள். மவுஸைக் கொண்டுபோய் இல்லை மேல் வைக்க அவளுக்கு நேரம் பிடித்தது. படிக்க அந்த நேரம் போதுமாக இருந்தது.

3.05க்கு மேலாளர் அறைக்குப் போனேன். பிரேமாவையும் அழைத்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அது எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் அறையிலிருந்த டெர்மினலில் சோதனைப் பிரதியை ஓடவிட்டு, அவளைச் செய்யச் சொல்லிக் காட்டினேன். பன்னிரண்டாவது வரியில் மூன்று முறை. மூன்றும் எண்ணெய்.

"நடக்கும்னு தெரியுது. சனிக்கிழமை இதுதான் நடந்ததுன்னு எப்படித் தெரியும்?"

பதிவேட்டில் நேரம் விநாடியின் பின்னம் வரை இருக்கும். கோவிந்தனின் லாட் திறந்ததற்கும் எண்ணெய் தேர்வானதற்கும் இடையே ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு திரையைப் படித்து முடிவெடுத்து அந்த நேரத்தில் யாராலும் அழுத்த முடியாது. உண்மையிலேயே முளைக்காத லாட்டுகளை அவள் எண்ணெய் என்று பதிந்த இடங்களை எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் இரண்டு, மூன்று விநாடிகள். தயாளன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திப் படித்தார்.

"வேற எந்த லாட்டும் இப்படிப் போகலன்னு எப்படித் தெரியும்?"

அதை நான் இன்னும் பார்க்கவில்லை. அதே டெர்மினலில் உடனே தேடினேன். நன்றாக முளைத்தும் எண்ணெய் என்று பதிவானவை மூன்று. ஒன்று கோவிந்தனுடையது. ஒன்று மேல்மலையனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருடையது, போன வியாழனே ஆலைக்குப் போய்விட்டது. அவர் விதைக்குத் தேறவில்லை என்ற கழிவுச்சீட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் போயிருக்கிறார். மூன்றாவது கிடங்கில் இருந்தது, மறுநாள் லாரிக்கு. தயாளன் அங்கேயே நிறுத்தக் கட்டளை எழுதிக் கிடங்குக்கு அனுப்பினார். லாட்டை இழந்த இரண்டு பேருக்கும் அதே ரக விதையை நிலையத்தின் கையிருப்பிலிருந்து ஆடிப் பட்டத்துக்கு முன்பே கொடுக்கவும் எழுதினார்.

பிறகு என்னைப் பார்த்தார். "தொழில்நுட்பக் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. போதும். ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை."

என் கடிதம் ஏற்கெனவே கையில் இருந்தது. அதில் இருந்த வரிகள் இவை: மே மூன்றாம் வாரம் மவுஸின் காத்திருப்பு நேரத்தை நீக்கியது நான். விதைக்கும் ஆம் என்பதற்கும் ஒரே எண்ணை வைத்தது நான். ஆப்பரேட்டர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்காமல் என் கைப்பழக்கத்தில் மட்டும் சோதித்தது நான். பிரேமாவின் பதிவில் தவறு இல்லை.

"இப்படியே ஃபைலுக்குப் போகணுமா?" என்று கேட்டார்.

"கோளாறு என்று எழுதினால் எது, எப்படி என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது சார். இன்னொருவர் அதையே திரும்பச் செய்வார்."

அவர் கடிதத்தை வாங்கினார். காலையில் எழுதிய குறிப்பை எடுத்து, அளவுகோல் வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, கையெழுத்திட்டார். "நாளைக்கு நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன். நீங்க போய் வேலையைப் பாருங்கம்மா" என்றார்.

பிரேமா நகரவில்லை.

"போர்டுல இருக்கறத ஏழுமலை அண்ணன் படிப்பாரா சார்?"

தயாளன் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். அவள் தொடர்ந்தாள்.

"காலையில எல்லாரும் காதாலதான் கேட்டாங்க. எங்க சித்தப்பா ஒம்பதரைக்கே ஊருக்குப் போன் போட்டுட்டாரு. எங்க நைனா மத்தியானம் சோறு திங்கலன்னு தம்பி சொல்றான். பஸ்ல நான் ஏறுனா எல்லாம் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. ஒங்க பேப்பரு இந்த ரூமோட நின்னுடும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "சார் அங்க நின்னுதான் சொன்னாரு. எடைமேடைகிட்ட."

குரலில் மரியாதை குறையவில்லை. அதனால்தான் அது எனக்கு உறைத்தது.

"யார்டுல போய் ஊழியர்கள் முன்னாடி அதிகாரி மன்னிப்பு கேட்கிற வழக்கம் இங்க இல்லை" என்றார் தயாளன். மறுப்பாகச் சொல்லவில்லை. வழக்கம் எது என்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"நானே போய்ச் சொல்கிறேன் சார், எல்லோரும் கேட்கட்டும். கோவிந்தனையும் காலையில் வரச் சொல்லுங்கள்" என்றேன்.

3.40க்கு நிரலைத் திருத்த உட்கார்ந்தேன். காத்திருப்பு நேரத்தைத் திரும்ப வைத்தேன். திரை மாறும்போது மிச்சமிருக்கும் கிளிக்குகளையும் கொட்டச் செய்தேன். எண்ணெய் குறித்த கேள்வி வந்த பிறகு அரை விநாடிக்கு எந்த விசையையும் எந்தக் கிளிக்கையும் வாங்காதபடி செய்தேன். கண் படிக்கக் குறைந்தது அவ்வளவு நேரமாவது வேண்டும். ஆம் என்பதற்கு ஒன்று என்ற எண்ணை எடுத்துவிட்டு, லாட் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைத் தட்டினால்தான் போகும் என்று மாற்றினேன். அதைப் படிக்காமல் தட்ட எந்தக் கையாலும் முடியாது. பிறகு மூன்று ஆப்பரேட்டர்களையும் அவரவர் வழியில், அவரவர் வேகத்தில் வேலை செய்யச் சொல்லி, பின்னால் நின்று கையைப் பார்த்தேன். ஓய்வுபெறும்வரை அதற்குப் பிறகு எந்த மாற்றத்தையும் அப்படிப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. இருட்டிய பின் நான் சாப்பிடுவதில்லை, எங்கள் ஜைனக் குடும்ப வழக்கம். 5.35க்கு அறையைப் பூட்டி, 6.10க்குள் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள், ஜூன் 9, வியாழன். கணினி அறையைத் திறக்கவில்லை. 7.25க்கு நேராக எடைமேடைக்குப் போனேன். மூட்டை தூக்குபவர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் ஓரமாகக் கைகட்டி நின்றார். தயாளன் தம் அறை வாசலில் நின்றார். பிரேமா பையைத் தோளிலிருந்து இறக்காமல் வந்து நின்றாள். எனக்குப் பொது இடத்தில் பேசிப் பழக்கமில்லை, குரலும் சிறியது.

"நேற்று இதே இடத்தில் நான் சொன்னது தப்பு. பிரேமா விதை என்றுதான் போட்டாள். என் நிரல்தான் அதை எண்ணெய் என்று எடுத்துக்கொண்டது. அதை எழுதினவன் நான். தப்பு என்னுடையது" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஏழுமலை, "இன்னா சார், இங்க ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க" என்றார்.

எடைமேடையின் மேல் ஏறி நின்று, முழுவதையும் மறுபடி சத்தமாகச் சொன்னேன்.